பொய்யாகக் கட்டிய வேப்பிலை

தெருமுனையிலேயே குப்பு நின்றுவிட்டாள்.

சித்திரை வெயில். வயலில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துவிட்டு வருகிறாள். முழங்கை வரை செம்மண். கூலியாகக் கிடைத்த காய் தலையில் மூட்டையாக இருந்தது. எங்கள் வீட்டு நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. காலையில் அவள் கிளம்பும்போது அது அங்கே இல்லை.

நான் டீக்கடைப் பலகைக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி வருவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. மூட்டையை இறக்கி வேலியோரம் வைத்தாள். செருப்பை அங்கேயே விட்டாள். பக்கத்து வீட்டு அஞ்சலையின் தொட்டியில் தண்ணீர் மொண்டு கால் கழுவிக்கொண்டாள். பிறகு கோயிலுக்குள் நுழைகிற மாதிரி மெதுவாக நடந்து வந்தாள்.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க போட்டுக்கீது? மூஞ்சிலயா?"

என் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. கல்யாணமான நாளிலிருந்து அது எப்படி வந்தது என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் என்னைக் கேட்கவில்லை. உள்ளே பாயில் கிடந்த எங்கள் மகளைப் பற்றித்தான் கேட்டாள்.

பச்சையம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். பச்சை என்று கூப்பிடுவோம். கவிழ்ந்து படுத்து ஒரு தேங்காய்த் தொட்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். குப்பு பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினாள். கழுத்து மடிப்பைப் பார்த்தாள். அக்குள், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு எல்லாம் பார்த்தாள். ஒரு முத்தும் இல்லை. பச்சைக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"ஒண்ணியும் இல்ல மே. நர்சம்மா வராங்கன்னு நான்தான் கட்டினேன்."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. மண்ணும் மல்லாட்டை வாசனையுமாக விழுந்தது.

கறுப்புக் குடை

இது எண்பதுகளின் தொடக்கம். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி, வீட்டு முன்புறத்தையே டீக்கடையாக வைத்திருந்தேன். மாதத்தில் ஒரு புதன்கிழமை லில்லி சிஸ்டர் வருவார். கறுப்புக் குடை, தோளில் ஐஸ் பெட்டி. பால்வாடியில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து ஊசிகளைக் கொதிக்கவிட்டுவிட்டு, தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்.

"முத்தடுப்பு ஊசிம்மா. கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி மூணுக்கும் சேத்து ஒண்ணு. வாய்ல சொட்டு மருந்து தனி. சாயங்காலம் ஜுரம் வரும். பயப்படாதீங்க, போயிடும்."

அந்த ஜுரம் வரும் என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை. நன்றாக இருக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஜுரம் வாங்கி வருவதா?

ஒரு வாரமாக நானும் குப்புவும் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"நான் இன்னா ஊசி போட்டுக்கினா வளந்தேன்? நல்லாதானே கீறேன்" என்றேன்.

"கண்ணாடி பாத்துட்டு வந்து சொல்லு."

"உங்க அப்பன் இந்த மூஞ்சியப் பாத்துதானே பொண்ணு குடுத்தாரு?"

"எங்க அப்பாவுக்கு மாலைக் கண்ணு."

சிரித்துவிட்டோம். ஆனால் அவள் முடிவு செய்துவிட்டாள். புதன்கிழமை பதினொரு மணிக்குள் வயலிலிருந்து திரும்பி, தானே தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கே பாதையில் குடை தெரிந்தது. எதிரே இருந்த வேம்பில் ஒரு கொத்து ஒடித்து நிலையில் செருகினேன். அவ்வளவுதான் யோசித்தேன். அம்மை கண்ட வீட்டைத் தாய் வந்திருக்கிற வீடு என்போம், அதற்குள் யாரும் ஊசியோடு நுழைய மாட்டார்கள். சிஸ்டர் வாசல் வரை வந்தார், இலையைப் பார்த்தார், குடையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி நடந்தார். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கங்கே வாசலில் நின்ற பெண்களும் எங்கள் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வெயிலுக்குப் பயந்து போகிறார்கள் என்று நினைத்தேன்.

மதில் தாண்டியவன்

நான் ஆறாவதோடு படிப்பை விட்டவன் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஏன் விட்டேன் என்று எழுதவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். கையில் வைத்து வட்டமாகத் திருகுகிற கருவி ஒன்று வைத்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் கத்திய கத்தலில் நான் மதிலேறிக் குதித்தேன். பை வகுப்பிலேயே கிடந்தது. வீட்டுக்குப் போனால் அடி விழும். ஸ்டேஷனுக்குப் போனேன். விழுப்புரம் போகிற வண்டி நின்றிருந்தது. ஏறினேன். பிறகு எத்தனையோ ஊர்.

இரண்டு வருஷம் கழித்து, ஆந்திரா பக்கம் ஒரு ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது பெரியம்மை கண்டது. ஊருக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகையில் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் படுத்திருந்தார்கள். கண் திறக்க முடியாததால் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது இரண்டு பாயும் காலி. நான் எழுந்து நடந்து வந்தேன்.

இப்படிப்பட்டவன் தன் பிள்ளைக்கு முதல் ஆளாக வரிசையில் நிற்க வேண்டாமா என்று கேட்பீர்கள். குப்புவும் அதைத்தான் கேட்டாள்.

பச்சைக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். மூன்று மாதத்தில் வயிற்றுப்போக்கு. பால் இறங்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. நான்தான் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு கம்பவுண்டர் ஊசி போட்டார். திரும்பி வருகிற வழியிலேயே தோளில் பாரம் மாறிவிட்டது.

ஊசியால் போகவில்லை. அதற்கு முன்பே அவன் உடம்பில் தண்ணீர் இல்லை. குப்பு பலமுறை சொல்லியிருக்கிறாள். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சின்னத் தொடையை விரித்துப் பிடித்துக் காட்டியது இந்தக் கை. தானாக ஒன்று வந்து பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தாங்கிக்கொள்ளலாம், நானே கொண்டுபோய்க் கொடுத்து ஆனால் தாங்க முடியாது என்று நினைத்தேன். இதை அன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. வேப்பிலை ஒடிக்கத்தான் தெரிந்தது.

ஒன்பது நாள் வீட்டோடு

அடித்த கையைக் கழுவிவிட்டு வந்த குப்புவிடம், "சரி, அத்த எடுத்துப் போட்டுடறேன்" என்றேன்.

"தொடாத."

"பொய்தானே மே?"

"நீ பொய்யா கூப்ட்ட. வந்தவளுக்குத் தெரியுமா நீ பொய்யா கூப்ட்டன்னு? தாய்னு கட்டினா தாய்தான். மூணு தண்ணி ஊத்தித்தான் இறக்கணும்."

அப்படியே நடந்தது. அடுப்பில் தாளிப்பு கிடையாது. எனக்குச் சவரம் கிடையாது. வெளியே போகக் கூடாது. கடை மூடல். சித்திரைப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் எங்கள் வாசலுக்கு எதிரே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனது. நான் உள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் லாரிக் கதையைப் படித்துவிட்டு, ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த ஒன்பது நாள்தான் ஐயா.

மூன்று நாளைக்கு ஒருமுறை, வெயிலில் வைத்துச் சூடான மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டுப் பச்சையின் தலையில் குப்பு ஊற்றினாள். எந்த நோயும் இல்லாத பிள்ளை கையைக் காலை அடித்துக்கொண்டு, இன்னும் ஊற்று என்று கூத்தாடியது. குப்பு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். தாய் முன்னால் சிரிக்கக் கூடாது.

தெரு எங்களுக்காக என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு வீட்டில்கூடக் கடுகு வெடிக்கவில்லை. யாரும் கறி எடுக்கவில்லை. அஞ்சலை தினமும் ஒரு இளநீரைச் சீவி வாசல்படியில் வைத்துவிட்டு, "அண்ணி, கொழந்தைக்குக் குடு, குளுகுளுன்னு இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கே இரண்டு பிள்ளைகள். முருகனுக்கு மூன்று வயது. கைக்குழந்தைக்கு நாலு மாதம், இன்னும் பெயர் வைக்கவில்லை, பாப்பா.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, இளநீர் வைக்க வந்தவளிடம் குப்பு உள்ளிருந்தே கேட்டாள்: "அன்னிக்குப் பாப்பாவுக்கு ஊசி போட்டியா அஞ்சல?"

"எங்க அண்ணி? தெருவுல தாய் வந்து உக்காந்துக்கீறா, நான் கொழந்தை மேல இரும்பு வெக்கறதா? யாருமே போவல. ஆடியில கூழு ஊத்திட்டுத்தான் இனிமே."

குப்பு திரும்பி என்னைப் பார்த்தாள்.

எங்கள் ஊரில் அது வழக்கம்தான். தாய் வந்த தெருவில் காது குத்த மாட்டார்கள், மொட்டை போட மாட்டார்கள், பிள்ளை உடம்பில் ஊசி ஏற்ற மாட்டார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றின பிறகுதான் எல்லாம். எனக்குத் தெரியாததில்லை. என் ஒரு வீட்டுக்கு என்றுதான் இலையை ஒடித்தேன். அது தெருவுக்கே கட்டினதாகிவிட்டது. அன்றைக்குப் பெண்கள் உள்ளே போனது வெயிலுக்காக இல்லை.

அஞ்சலை வீட்டு இருமல்

மூன்றாம் தண்ணி ஊற்றி, இலையை எடுத்துக் கிணற்றடியில் போட்டு, கடையைத் திறந்தேன். ஒரு வாரம் போயிருக்கும். அஞ்சலை வீட்டில் முருகன் இருமத் தொடங்கினான்.

அந்த இருமலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நாய் குரைக்கிற மாதிரி விடாமல் இருமும். மூச்சு விட இடமே இருக்காது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் தின்றதெல்லாம் வாந்தி. கீழத் தெருவில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்கு இருந்தது. டீ ஆற்றும்போது அடுத்த சுவருக்குப் பின்னால் அது தொடங்கும். கூவுகிற சத்தம் வரும் வரை நான் டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

முருகன் ஆடி வரை இருமினான். எலும்பும் தோலுமாகிப் பிழைத்துக்கொண்டான். இன்று டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான், நல்ல தொப்பை. அந்தப் புதன்கிழமை ஒரு ஊசி போட்டிருந்தால் மட்டும் அவனுக்கு வராமல் இருந்திருக்காது, மூன்று ஊசி போட்டு நாளானால்தான் காப்பு என்று சிஸ்டர் பின்னால் சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும். நான் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை.

அவனைவிட எனக்குப் பயமாக இருந்தது பாப்பாவை நினைத்துத்தான். நாலு மாதம். அதே ஒற்றை அறை, அதே பாய். சின்னக் குழந்தைக்கு இது வந்தால் இருமக்கூடத் தெரியாது, மூச்சு நின்றுவிடும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்.

அஞ்சலையிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த புதன்கிழமை பாப்பாவுக்கு ஊசி போட்டுடேன் அஞ்சல. தாய் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டா."

"வந்தது உன் வூட்டுக்கு. நீயே இப்பிடிச் சொல்லலாமா ண்ணா?" என்று வாயில் தட்டிக்கொண்டாள். "ஆடி வந்துடும். மூணு மாசம்தானே?"

அன்று குப்பு சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நானும் உங்கூடச் சேந்து ஒம்போது நாளு பொய் சொல்லிக்கீறேன். ஆனா புதன்கெழமை நான் வாய் தொறக்க மாட்டேன். கட்டினது நீ. அவுக்கறதும் நீதான்."

"தெருவே காறித் துப்பும் மே."

"துப்பட்டும். தொடச்சிக்கலாம். அந்தக் கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சின்னா எத்த வெச்சித் தொடைப்ப?"

பால்வாடி வரிசை

புதன்கிழமை பச்சையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பால்வாடிக்குள் மண்ணெண்ணெய்ப் புகையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து கிடந்தது. அந்த வாசனைக்கே எனக்குக் கால் பின்னால் போனது. மேலத் தெருப் பெண்கள் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். எங்கள் தெருக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சத்துமாவு வாங்க வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வரிசைக்கு யாரும் வரவில்லை. அஞ்சலை பாப்பாவை மடியில் போட்டிருந்தாள். முருகன் அவள் முதுகில் சாய்ந்து கிடந்தான்.

என் முறை வந்தது. சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்லதானே போன தடவ வேப்பிலை இருந்துது? அம்மை இறங்கி எத்தினி நாள் ஆவுது? புள்ள ஒடம்பு தேறட்டுங்க. இன்னிக்கு வேணாம், அடுத்த மாசம் பாக்கலாம்."

எனக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. சரிங்கம்மா என்று சொன்னால் போதும். பிள்ளைக்கும் ஊசி இல்லை, தெருவுக்கும் ஒன்றும் தெரியாது. குப்பு எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் முருகன் இருமத் தொடங்கினான். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் கூவி மூச்சை இழுக்கும் வரை நின்றேன். அவன் இழுத்துவிட்டான். அப்புறம் திரும்பி நின்று, எங்கள் தெருக்காரர்களைப் பார்த்துச் சொன்னேன்.

"எம் பொண்ணுக்கு அம்மையே போடல. நர்சம்மாவ உள்ள வரவுடக் கூடாதுன்னு நான்தான் இலையக் கட்டினேன். தாய் வரல. தெருவுக்கும் வரல. நீங்க யாரும் ஆடி வரைக்கும் நிக்க வேணாம்."

கொதிக்கிற ஊசிப் பாத்திரம் மட்டும் கடகடத்தது.

"அடப்பாவி" என்றது ஒரு குரல். "ஒம்போது நாளு எம் வூட்ல கறியே எடுக்கல. எம் புருசன் கோழி கோழின்னு அழுதுகினு கெடந்தாரு."

"டீக்கடையில பொய்யப் போட்டு ஆத்தறான் பாரு."

"குப்பு, நீயுமாடி தண்ணி ஊத்தின?"

"ஊத்தினேன்" என்றாள் குப்பு, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அஞ்சலை எழுந்து வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. என் எதிரே நின்றாள்.

"சத்தியமா போடலியா ண்ணா?"

"சத்தியமா."

"அப்ப தெனம் நான் வெச்ச எளநீ?"

"நான்தான் குடிச்சேன்."

சுவரோரம் இருந்தவர்கள் பக்கென்று சிரித்துவிட்டார்கள். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காறித் துப்பியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மருந்து ஜாஸ்தி நேரம் வெளியே இருக்கக் கூடாதுங்க" என்றார் சிஸ்டர். "புள்ளையப் புடிங்க."

பச்சையின் தொடையைப் பிடித்தேன். அவள் உதைக்க உதைக்க என் பிடி நழுவியது.

"இப்பிடிப் புடிச்சா ஊசி ஒடைஞ்சிதான் போவும்" என்றாள் அஞ்சலை. பாப்பாவைக் குப்புவிடம் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்து பச்சையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, பச்சையின் கையைத் தன் அக்குளில் இடுக்கி, காலை முட்டிக்கு மேல் அழுத்திப் பிடித்தாள். சிஸ்டர் குத்தினார். பச்சை வீறிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பச்சையைக் குப்பு வாங்கிக்கொண்டதும் அஞ்சலை பாப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இப்ப எம் பொண்ணு. நீ புடி."

"என்னால முடியாது அஞ்சல."

"நீதான் புடிக்கணும்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் செய்த மாதிரியே கையை இடுக்கிக் காலைப் பிடித்தேன். பச்சையைவிடச் சின்னக் கால். என் விரல் ஒரு சுற்று சுற்றி வந்தது. கண்ணை மூடினேன்.

"கண்ணத் தொறந்து புடி ண்ணா."

திறந்தேன். ஊசி இறங்குவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். பாப்பாவுக்கு ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. என் முகத்துக் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகுதான் வாய் கோணி, சத்தம் வந்தது.

எழுந்து நின்று தோளில் போட்டுக்கொண்டேன். சுவரோரம் இருந்தவர்களில் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வந்தாள். இன்னொருத்தி வந்தாள். இரண்டு பேர் வரவில்லை. தாய் விஷயத்தில் பொய் சொன்னவன் இப்போது சொல்வது மட்டும் மெய்யா என்று கேட்டுவிட்டு மாவை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அஞ்சலை குழந்தையைத் திரும்ப வாங்கவில்லை. முருகனின் இருமலுக்கு மருந்து கேட்டுச் சிஸ்டரிடம் நின்றுவிட்டாள். பாப்பா என் தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுது, அழுகையோடேயே தூங்கிப்போனது. தோளில் அந்தப் பாரம் மாறியபோது எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்றது. கழுத்தோரம் மூச்சு சூடாக வந்து வந்து போனது. அஞ்சலை வந்து குழந்தையைக் கேட்கும் வரை, கால் மாற்றாமல் அங்கேயே நின்றேன்.